ஒரே சனிக்கிழமை, மூன்று விழா: யாழ்ப்பாணத்து விழாக்காரர் சேர எந்த வழி நல்லது?

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆனி மாதச் சனிக்கிழமை. வலிகாமத்தில் எங்கள் சனசமூக நிலைய முன்றலில் கூத்தும் இசையுமாக ஓர் இரவு ஒழுங்கு செய்திருந்தோம். கதிரை முந்நூறு போட்டோம். வந்தவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். அதில் பாதிப்பேர் மேடையேற வந்தவர்களின் வீட்டார். மழை இல்லை, மின்வெட்டு இல்லை, நோட்டீஸில் திகதி பிழைக்கவும் இல்லை. பிறகு விசாரித்தால், இரண்டு கட்டை தள்ளி ஒரு நடன அரங்கேற்றம், அதற்கப்பால் ஒரு பழைய மாணவர் சங்கத்தின் இசை நிகழ்ச்சி. மூன்றும் அதே மாலை ஆறரைக்கு.

அடுத்த கிழமை சந்தியில், தேத்தண்ணிக் கடையில், அந்த இசை நிகழ்ச்சியின் செயலாளரைக் கண்டேன். “அண்ணை, நீங்களும் அண்டைக்கே வைச்சனீங்கள்?” என்றார். கதைத்துக்கொண்டு போகையில் இன்னொன்றும் வெளிவந்தது. நாங்கள் கொழும்பிலிருந்து எடுப்பித்த மேடை லைற் செற்றை அடுத்த வாரம் வேறோர் ஊர்க்காரரும் எடுப்பித்திருக்கிறார்கள். அதே லைற், அதே லொறி, எட்டு நாளுக்குள் ஏ9 வீதியில் இரண்டு தரம் வந்து போயிருக்கிறது. போக்குவரத்துக் கூலியை இரண்டு ஊரும் தனித்தனியே முழுதாகக் கட்டியிருக்கின்றன.

அன்றிலிருந்து இந்தக் கேள்வியோடு திரிகிறேன். விழா நடத்துகிற நாங்கள் ஒருவரோடொருவர் எப்படித் தொடர்பில் இருப்பது? கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். வட்ஸ்அப் குழு போதும் என்பார் ஒருவர். பதிவு செய்த கூட்டமைப்பு வேண்டும் என்பார் இன்னொருவர். பல்கலைக்கழகமோ பிரதேச செயலகமோ தலைமை தாங்கட்டும் என்பவர்கள் உண்டு. சென்னையோடும் ஐரோப்பாவோடும் சேருங்கள் என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சொல்வார்கள். சிலவற்றில் உள்ளே இருந்து பார்த்தேன், சிலவற்றைத் தூர நின்று பார்த்தேன். எனக்கு ஒரு பக்கச் சார்பு உண்டு. அது போகப்போகத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் கலைக்காரருக்குள் தொடர்பு இல்லை என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். வட இலங்கைச் சங்கீத சபை 1931இல் தொடங்கியது. அதன் தரப் பரீட்சைகளால் பருத்தித்துறை வயலின் ஆசிரியருக்கும் வேலணைப் பாட்டு ஆசிரியருக்கும் ஒருவர் பிள்ளைகளை மற்றவர் தெரியும். மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் முப்பது வருடம் கழித்தும் ஒரே அணி என்று சொல்லிக்கொள்வார்கள். திருமறைக் கலாமன்றம் 1965இல் தொடங்கிப் பிறகு ஊர் ஊராகக் கிளை வைத்தது. இணுவில், அளவெட்டி நாதஸ்வர தவில்காரரின் உறவுமுறையை வரைந்தால் சுவர் போதாது. ஆக, கலைஞருக்கு வலை உண்டு. வலை இல்லாதவர்கள் விழா வைக்கிற நாங்கள்தான்.

ஏன் இல்லை? இங்கே விழா வைப்பது ஒருவருக்கும் தொழில் இல்லை. பகலில் வாத்தியாராகவும் வங்கி எழுதுவினைஞராகவும் தோட்டக்காரராகவும் இருப்பவர்கள் பின்னேரத்தில் செயலாளர் ஆகிறார்கள். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறும். மாறியதும் பழைய செயலாளரின் கைபேசியோடு பந்தல்காரர், சவுண்ட்காரர், மண்டபப் பொறுப்பாளர் எல்லாரும் போய்விடுவார்கள். புதியவர் முதலிலிருந்து தொடங்குவார். எங்கள் நிலையத்திலேயே ஆறு வருடத்தில் நாலு செயலாளர். நான் நாலாவது ஆள். மூன்றாமவர் எனக்குக் கையளித்தது ஒரு றப்பர் முத்திரையும் வரவு செலவுக் கொப்பியும்.

ஆகவே எந்த வழியையும் மூன்று கேள்வியால் உரசிப் பார்க்கிறேன். ஒன்று, திகதி மோதப் போகிறது என்பது மண்டபத்துக்கு முற்பணம் கட்டுமுன் தெரிய வருமா? இரண்டு, விழாவுக்கு முதல் நாள் மாலை ஆறு மணிக்கு மிருதங்கக்காரருக்குக் காய்ச்சல் என்றால் யாருக்குப் போன் அடிப்பது, அவர் எடுப்பாரா? மூன்று, செயலாளர் மாறினாலும் இது நிற்குமா?

வட்ஸ்அப்பிலிருந்து தொடங்குவோம். அது ஏற்கனவே இருக்கிறது. நான் மட்டும் ஏழு குழுவில் இருக்கிறேன். செலவில்லை, தலைவர் தேவையில்லை, கனடாவில் இருப்பவரும் காரைநகரில் இருப்பவரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம் என்கிறார்கள்; எங்கள் குழுக்களில் பேசுகிறவர்கள் பதினைந்து பேர், மற்றவர்கள் காலை வணக்கப் படம் போடுகிறவர்கள். பொங்கல் வாழ்த்து, மரண அறிவித்தல், யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்பு. இடையில் எங்கோ ஒரு நோட்டீஸ்.

அந்த நோட்டீஸில்தான் பிழை இருக்கிறது. அது குழுவுக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்: மண்டபத்துக்கு முற்பணம், சிறப்பு விருந்தினரிடம் சம்மதம், அச்சுக்காசு. பிறகு திகதியை மாற்ற யாருக்கும் மனம் வராது. அதற்கு முந்திய கட்டத்தில், “ஆனி கடைசியில் வைப்பமோ என்று யோசிக்கிறம்” என்று ஆயிரம் பேர் பார்க்கும் இடத்தில் ஒருவரும் எழுத மாட்டார்கள். நடக்காமல் போனால் வெட்கம். நடந்தால், யாரும் முந்திக்கொள்வார்களோ என்ற பயம். முதல் கேள்வியில் வட்ஸ்அப் தோற்பது இங்கேதான்.

ஆனால் இரண்டாவது கேள்வியில் அதை வெல்ல ஒன்றும் இல்லை. ஒரு முறை எங்கள் ஜெனரேற்றர் மாலை ஐந்தரைக்கு நின்றுவிட்டது. குழுவில் ஒரு வரி போட்டேன். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சுன்னாகத்திலிருந்து ஒருவர் அழைத்தார். முன்பின் பார்த்ததில்லை. ஏழு மணிக்கு ஜெனரேற்றர் லாண்ட்மாஸ்ரரில் வந்து இறங்கியது. காசு வாங்க மறுத்துவிட்டார், டீசல் மட்டும் அடித்துக் கொடுத்தோம். ஆகவே குழுவைக் கலைக்கச் சொல்ல மாட்டேன். அவசரத்துக்கென்று தனியாக ஒன்று, அதில் வாழ்த்துப் படம் போட்டால் வெளியே என்று ஒரு விதி. அவ்வளவு போதும்.

அடுத்தது கூட்டமைப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்கிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் விரும்புகிறார்கள். ஆசைக்குக் காரணமும் உண்டு. நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே பொலிசில் ஒலிபெருக்கி அனுமதிக்கு நிற்கிறோம். ரிக்கெற் விற்றால் உள்ளூராட்சி சபையில் கேளிக்கை வரிக்கு நிற்கிறோம். யாழ்ப்பாண மாவட்டத்தில் மாநகர சபை ஒன்று, நகர சபை மூன்று, பிரதேச சபை பதின்மூன்று. எந்த மேசையில் என்ன கேட்பார்கள் என்று ஒவ்வொரு புதுச் செயலாளரும் முதலிலிருந்து படிக்கிறார்.

கூத்துக்காரருக்கு இதில் தனிக் கஷ்டம் இருக்கிறது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுப்பதை உயர் நீதிமன்றம் 2007இல் கட்டுப்படுத்தியது. அயலவரின் நித்திரையை நினைத்தால் அது நியாயம். ஆனால் விடிய விடிய ஆடுவதற்கென்றே கட்டப்பட்ட கூத்தை ஒன்பதே முக்காலுக்கு மங்களம் பாடி முடிக்கச் சொன்னால், நடுவில் எதை வெட்டுவது? கோயில் ஒலிபெருக்கி நடைமுறையில் என்ன செய்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூத்துக்கு அந்தத் துணிவு வராது. வருடத்தில் ஒன்றிரண்டு இரவுக்கு, அயலவரின் சம்மதத்தோடு ஒரு வழி கேட்க வேண்டுமென்றால் தனி மன்றத்தின் கடிதம் கோப்புக்குள் போய்விடும். இருபது மன்றத்தின் கையெழுத்து என்றால் வாசிப்பார்கள். கூட்டமைப்புக்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை.

சரி, எப்படிப் பதிவது? எளிய வழி, பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் ஊடாகக் கலை மன்றமாகப் பதிவது. ஆனால் அது ஒரு பிரிவுக்குள் இருக்கிற மன்றத்துக்குப் பொருந்தும். மாவட்டத்தில் பதினைந்து பிரதேச செயலகப் பிரிவுகள். எல்லாவற்றையும் சேர்க்கிற அமைப்புக்கு, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ், பங்குகள் இல்லாத, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியலாம். பெயர் கேட்கப் பெரிதாக இருக்கும். பணிப்பாளர் வேண்டும், செயலாளர் வேண்டும், வருடா வருடம் அறிக்கை போட வேண்டும், கணக்காய்வு வேண்டும். கணக்காய்வாளருக்குக் கொடுக்கிற காசில் சின்னதாக ஒரு கச்சேரி வைக்கலாம் என்று எங்கள் பொருளாளர் சொல்வார். அவர் கச்சேரிக்கு வருகிறவர் இல்லை, கணக்குத்தான் பார்ப்பார். அவரே அப்படிச் சொல்கிறார்.

காசைவிடப் பெரிய சிக்கல் கதிரை. நான் சொல்வது மேடைக்கு முன்னால் போடும் கதிரையை இல்லை. இப்படி ஒரு கூட்டமைப்பு தொடங்கும் முயற்சியில் நாலு இருப்பு, அதாவது நாலு கூட்டம், இருந்தேன். மூன்று இருப்பு பெயருக்கே போயிற்று: யாழ் மாவட்டமா வட மாகாணமா, கலையா பண்பாடா, ஒன்றியமா கூட்டமைப்பா. நாலாவதில் தலைவர், உபதலைவர், போசகர் தெரிவு. ஐந்தாவது இருப்பு இன்னும் நடக்கவில்லை. சென்னையில் சபாக்களுக்கென்று கூட்டமைப்பு உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் அங்கே ஒவ்வொரு சபாவுக்கும் அலுவலகம், நிரந்தரச் செயலாளர், சந்தா கட்டும் உறுப்பினர் எல்லாம் முதலே இருக்கிறது. ஊன்றி நிற்கிற மரங்களுக்கு மேலேதான் பந்தல் போட்டார்கள்.

எடின்பரோவில் நடந்ததை இந்த இடத்தில் நினைப்பதுண்டு. 1947இல் அங்கே சர்வதேச விழா தொடங்கியபோது எட்டு நாடகக் குழுக்கள் அழைக்காமலே போய், விழாவின் ஓரத்தில் கிடைத்த இடங்களில் ஆடின. அந்த ஓர விழா வருடா வருடம் பெருகிற்று. அதற்கென ஒரு சங்கம் வந்தது 1958இல்தான். அந்தச் சங்கம் ரிக்கெற் விற்கும், நிகழ்ச்சி நிரல் அச்சடிக்கும். யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்பதில் மட்டும் தலையிடாது. அந்த விதியால்தான் அது நின்றது என்று நினைக்கிறேன். நகரத்தின் பெரிய விழாக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பொது அமைப்பு வைத்தது 2007இல். முதல் விழாவிலிருந்து எண்ணினால் அறுபது வருடம். அவசியம் முதலில் வந்தது, பெயர்ப்பலகை பிறகு வந்தது.

எங்கள் ஊரில் கூட்டமைப்பு வந்தால் முதல் வருடமே ஒருவர், “அந்தப் பாட்டுக்குழுவை விழா என்று சேர்க்கலாமோ? அது சினிமாப் பாட்டெல்லோ” என்று கேட்பார். இன்னொருவர், “இது எங்கட பாரம்பரியமோ?” என்பார். யாப்பின் முதல் பிரிவில் ‘நிகழ்ச்சித் தெரிவில் கூட்டமைப்புக்குக் கதை இல்லை’ என்று எழுதாத எந்தக் கூட்டமைப்பிலும் நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.

பெரிய நிறுவனம் ஒன்றின் நிழலில் ஒதுங்குவது என்ற வழியைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். பல்கலைக்கழகம், பிரதேச செயலகத்துக் கலாசாரப் பேரவை, இந்திய உதவியோடு கட்டி 2023 பெப்ரவரியில் கையளிக்கப்பட்டு இப்போது திருவள்ளுவர் பெயர் தாங்கும் பண்பாட்டு மையம். இவற்றுக்குக் கட்டடம் உண்டு, சம்பளம் வாங்கும் ஆள் உண்டு. செயலாளர் மாறினாலும் அலுவலகம் அங்கேயே இருக்கும். மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில்தான். ஆனால் உத்தியோகத்தருக்கு இடமாற்றம் வரும், சுற்றறிக்கை வரும், அமைச்சர் வருகிற நாளுக்கு விழா நகரும். பண்பாட்டு மைய மண்டபத்தில் அறுநூறு பேர் இருக்கலாம். எங்களுக்கு வந்த நாற்பது பேரை அங்கே கொண்டுபோய் இருத்தினால் மேடையிலிருந்து பார்க்கப் பயமாக இருக்கும். இடம் கேட்கப் போகலாம். எங்களுக்குள் நாங்கள் பேசுவதற்கு அவர்களை நடுவில் வைக்க வேண்டியதில்லை.

வெளியே சேருவது கவர்ச்சியான வழி. ஐரோப்பாவில் 1952இல் ஜெனீவாவில் பதினைந்து விழாக்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கின; இன்றைக்கும் அது இயங்குகிறது, இளம் விழா முகாமையாளர்களுக்குப் பயிற்சியும் நடத்துகிறது. உலக இசைக்காரருக்கென்று 1994இல் பேர்லினில் தொடங்கிய வோமெக்ஸ் சந்தை இருக்கிறது. விழாக்காரரும் கலைஞரும் ஒரே கூரையின் கீழ் சந்திப்பார்கள். இங்கேயும் வெளித்தொடர்பு பலன் தந்திருக்கிறது. 2011லும் 2013லும் யாழ்ப்பாண இசை விழா, சேவாலங்கா தொண்டு நிறுவனமும் நோர்வேயின் அரச இசைக் கச்சேரி நிறுவனமும் கைகோத்து, நோர்வே உதவியோடு நடந்தது. நாட்டார் கலைக் குழுக்கள் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து ஒரே மேடையில் நின்றன. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவும் வெளியிலிருந்து ஆட்களையும் படங்களையும் கொண்டுவரும் வேலையைச் செய்தது. பெரிய அளவில், பல நாட்டுக் கலைஞரோடு நடத்த நினைக்கிறவர்களுக்கு இந்தத் தொடர்பு இல்லாமல் ஆகாது.

ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு? கட்டணம், ஆங்கிலம், விசா என்ற மூன்று மலையையும் விடுங்கள். இன்னொன்று இருக்கிறது, அதை ஒருவரும் சொல்வதில்லை. வெளித்தொடர்பு திகதி மோதலைக் கூட்டும். புலம்பெயர்ந்தவர்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோடு ஆடி ஆவணியில் வருகிறார்கள். நல்லூரின் இருபத்தைந்து நாளும் அந்தக் காலத்தில்தான். காசு அப்போது வரும், உபயம் செய்தவருக்கு முன்வரிசையில் இருந்து பார்க்கவும் ஆசை வரும். ஆகவே எல்லா ஊரும் அந்த ஆறு கிழமைக்குள் விழாவைத் திணிக்கிறது. மார்கழிச் சென்னையில் ஒரே மாலையில் பல சபாவில் கச்சேரி நடந்தும் தாக்குப்பிடிக்கிறது, ஏனென்றால் ரசிகர்கள் உலகமெங்கும் இருந்து அதற்கென்றே வந்து இறங்குகிறார்கள். எங்கள் ரசிகர் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துத்தான் கதிரையை விட்டு எழும்புகிறார். பிள்ளைக்குக் காலை ஏழுக்கு ரியூசன்.

சென்னையோடு சேருவதில் ஓர் உருப்படியான இலாபம் கண்டேன். பலாலியில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னை. ஒரு வித்துவானை ஒரு கச்சேரிக்கு அழைத்துவரும் செலவை ஓர் ஊர் தாங்காது. மூன்று ஊர் சேர்ந்து வெள்ளி, சனி, ஞாயிறு என்று பிரித்தால் தாங்கும். ஆனால் அதற்கு அந்த மூன்று ஊரும் முதலில் தங்களுக்குள் திகதி பேசியிருக்க வேண்டும். வீட்டுக்குள் பேச்சு இல்லாமல் வெளியூர்ச் சம்பந்தம் பேசப் போனது போலாகிவிடும்.

இனி என் பக்கம். இந்த மண்ணில் திகதி மோதாமல் நூறு வருடமாக ஓடுகிற ஒரு முறை இருக்கிறது: கோயில் உபயம். மூன்றாம் திருவிழா இன்ன வீட்டாருடையது, ஏழாம் திருவிழா இன்ன பகுதியாருடையது என்று ஊருக்கே தெரியும். பெரியவர் காலமானால் மகன் எடுப்பார். மகன் ரொறன்ரோவில் இருந்தாலும் அந்த நாளுக்கு மேளத்துக்குக் காசு வந்து சேரும். உபயகாரருக்குள் வேறு சண்டை நடக்கும், யாருக்கு முதல் காளாஞ்சி என்று நீதிமன்றம் வரை போனவர்களும் உண்டு. ஆனால் என் நாள் எது, உன் நாள் எது என்பதில் குழப்பம் இல்லை. பொறுப்பு ஆளோடு ஒட்டாமல் முறையோடு ஒட்டியிருப்பதால் அது நிற்கிறது.

அதையே விழாக்காரருக்கும் வைத்துப் பார்த்தோம். தலைவர் இல்லை, யாப்பு இல்லை, பெயரும் இல்லை. ஒரு பெரிய கொப்பி. வருடத்தில் மூன்று இருப்பு: தைப்பொங்கல் கழிந்து ஒன்று, சித்திரை பிறந்து ஒன்று, மழைக்கு முன் புரட்டாதியில் ஒன்று. ஒவ்வொரு இருப்பும் ஒவ்வோர் ஊரின் உபயம். தேத்தண்ணியும் வடையும் அந்த ஊர் கொடுக்க வேண்டும். அடுத்த இருப்பு வரை கொப்பியும் அவசரக் குழுவின் பொறுப்பும் அவர்களிடம்.

கொப்பியில் திகதியைப் பென்சிலால் எழுதுவோம். பென்சில் என்றால் யோசனை, மாற்றலாம், வெட்கம் இல்லை. மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய பிறகு பேனையால் எழுத வேண்டும். பேனையோடு மோதுகிற பென்சில்தான் விலகவேண்டும். இது ஒன்றுதான் சட்டம். ஆங்கிலத் திகதிதான் எழுத வேண்டும் என்று முதல் இருப்பிலேயே முடிவாயிற்று. நாள் கணக்கில் ஒத்துப்போகாத வாக்கிய பஞ்சாங்கக்காரரும் திருக்கணிதப் பஞ்சாங்கக்காரரும் ஒரே அறையில் இருந்தால் அதைத் தவிர வேறு வழி இல்லை.

கொப்பியின் பின்பாதி சாமான். யாரிடம் என்ன இருக்கிறது, இரவல் கொடுப்பார்களா, வாடகையா. சுருதிப்பெட்டி, ஆர்மோனியம், மத்தளம், கூத்து முடி, உடுப்பு, மேடைப் பலகை, திரைச்சீலை, மைக் ஸ்ராண்ட், பாய், கதிரை. எழுதத் தொடங்கிய பிறகுதான், ஆறு ஊரில் ஆறு திரைச்சீலை வருடத்தில் ஒரு நாளுக்காக எலி கடிக்கக் கிடக்கிறது என்று தெரிந்தது. இரவல் வாங்கியவர் உடைத்தால் திருத்திக் கொடுக்க வேண்டும். வாயால் சொன்ன விதி, இன்னும் யாரும் மீறவில்லை. ஆட்களின் பக்கமும் இருக்கிறது. அதில் கலைஞர் பெயர் எழுதுவதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். பந்தல்காரர், மின்சாரக்காரர், ஒப்பனை செய்கிறவர், இரவு பதினொன்றுக்குக் கூத்துக்காரரை வீட்டில் இறக்க வான் ஓடுகிறவர். ஒரு விழா உண்மையில் தங்கியிருப்பது இவர்களில்தான்.

நல்லது மட்டும் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். முதல் இருப்பைச் சந்திக் கடையில் இரவு எட்டுக்கு வைத்தோம். ஆறு பேர் வந்தோம், ஆறும் ஆண்கள். யாழ்ப்பாணத்தில் வருடத்தில் கூடுதலான நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள்: நடன ஆசிரியைகள். சலங்கை பூசை, அரங்கேற்றம், கலைவிழா என்று ஒருவரே நாலு நடத்துவார். ஓர் ஆசிரியையிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். “தம்பி, இரவு எட்டு மணிக்குத் தேத்தண்ணிக் கடைக்கு நான் எப்படி வாறது?” என்றார். அடுத்த இருப்பு ஞாயிறு காலை, பாடசாலை மண்டபத்தில் நடந்தது. ஒன்பது பேர் வந்தார்கள், நாலு பேர் ஆசிரியைகள். ஆனி மாதச் சனிக்கிழமை எங்களை வெறுமையாக்கிய அந்த அரங்கேற்றத்தின் குருவும் வந்திருந்தார். சிரித்துக்கொண்டே தேத்தண்ணி தந்தார்.

இன்னொரு சங்கடமும் உண்டு, மூடிமறைத்துப் பயனில்லை. எந்த ஊரில் இருப்பு, யாருடைய மண்டபத்தில் என்பது இங்கே வெறும் இடக் கேள்வி இல்லை. பாசையூர், குருநகர்க் கத்தோலிக்கக் கூத்துக்காரரும் கோயில் முன்றலில் ஆடுகிறவர்களும் ஒரே கலையைச் செய்கிறார்கள். ஒரே வாசலால் போய்ப் பழக்கம் இல்லை. சாதியும் அந்த வாசலில் நிற்கிறது. உபயம் சுற்றி வந்தால் ஒவ்வொருவரும் மற்றவர் ஊரில் ஒரு தரமாவது தேத்தண்ணி குடிக்க வேண்டிவரும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். கணக்குச் சரிவருமா என்று சொல்ல இரண்டு இருப்பு போதாது.

பலன் என்ன? இரண்டு மோதல் விலகியது. ஒரு லைற் லொறி ஒரே பயணத்தில் வெள்ளிக்கிழமை ஓர் ஊருக்கும் ஞாயிற்றுக்கிழமை இன்னோர் ஊருக்கும் வெளிச்சம் கொடுத்தது. கூலி பாதி பாதி. ஒரு குழு மட்டும் யாருக்கும் சொல்லாமல் நேரே பேனையால் எழுதியது. கோபித்தோம், பிறகு அவர்களிடமே பாய் இரவல் வாங்கினோம். கொப்பியால் பொலிசில் பேச முடியாது, வங்கிக் கணக்குத் திறக்க முடியாது, பத்து மணிக் கட்டுப்பாட்டில் ஒரு நிமிடத்தைக்கூட நகர்த்த முடியாது. அந்த வேலைக்குக் கூட்டமைப்பேதான் வேண்டும்.

ஆகவே என் தெரிவு இப்படிப் போகும். வருடத்தில் ஒரு விழா, இருநூறு பேருக்குள் கூட்டம் என்றால் கொப்பியும் அவசரக் குழுவும் போதும்; வேறெதிலும் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ரிக்கெற் விற்று, வெளிநாட்டுக் கலைஞரை அழைத்து, மூன்று நாள் நடத்துகிறவர்கள் எங்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பதிந்த அமைப்பையும் வெளித்தொடர்பையும் இப்போதே தேடுங்கள், திகதியை மட்டும் எங்கள் கொப்பியில் பென்சிலால் போட்டுவிட்டுப் போங்கள். நடனப் பள்ளி நடத்துகிறவர்களுக்குச் சாமான் பக்கமே பெரிய இலாபம். கூத்துக்காரரின் பத்து மணிப் பிரச்சினை கூட்டமைப்பைக் கேட்கும், மறுக்கவில்லை. கொப்பி இரண்டு வருடம் சுற்றி, ஒன்பது பேர் இருபது ஊராகிவிட்டால், அன்றைக்குப் பதிவைப் பற்றிப் பேசலாம். பெயரை ஒரே இருப்பில் முடிக்க வேண்டும் என்பது என் நிபந்தனை.

கொப்பி இப்போது வடமராட்சியில் இருக்கிறது. நேற்று அழைத்துக் கேட்டேன். வருகிற ஆனி மாதச் சனிக்கிழமைகளில் மூன்று பென்சிலில் நிறைந்துவிட்டன. நாலாவதை எங்கள் பெயரில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.